முதலில் மரம் நகராமல் இருக்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்குப் பத்து. இருவருக்கும் மரவேலை செய்து பார்க்க ஆசை. வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் கருவிப் பெட்டியைச் சீக்கிரமே ஓரங்கட்டிவிட்டார்கள். நிஜக் கருவிகளைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. என்ன வாங்கலாம், எதில் தொடங்கலாம்? மின்கருவிகளை எப்போது கொடுக்கலாம்?

பதில்: பிளாஸ்டிக் ரம்பம் எதையும் அறுக்காது. பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், அதனால்தான் ஒதுக்கிவிட்டார்கள். பக்கத்தில் நீங்கள் இருந்தால் இருவருக்குமே நிஜக் கருவி கொடுக்கலாம். பின்லாந்தில் 1866-லேயே கைவேலையைத் தொடக்கப் பள்ளிப் பாடமாக்கினார்கள். ஸ்வீடனில் கல்வியாளர் ஓட்டோ சலோமோன் வளர்த்தெடுத்த ‘ஸ்லாய்டு’ என்ற கைவேலைக் கல்வி முறையில் பள்ளிப் பிள்ளைகள் பழகத் தொடங்கியதே கத்தியில்தான். எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும், செய்யும் பொருள் வீட்டில் பயன்பட வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை. இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கருவியின் கூர்மையைக் கண்டு நான் பயப்படுவதில்லை; மரம் நகர்வதுதான் எனக்குப் பயம். ஒரு கையால் பலகையை அமுக்கிக்கொண்டு மறு கையால் அறுக்கும்போது பலகை புரண்டால், ரம்பம் அமுக்கிய கையின் மேல்தான் பாயும். அதனால் முதலில் பலகையை இறுக்கிப் பிடிக்கும் நல்ல கிளாம்ப் இரண்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பலகை மேசையோடு இறுகிவிட்டால் இரண்டு கைகளும் கருவியின் பிடியிலேயே இருக்கலாம். ‘அசைத்துப் பார்த்தாயா?’ என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். சில நாளில் அவர்களே அசைத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். மேசை, பிள்ளை நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்கட்டும். ஆடுகிற முக்காலி மேல் ஏற்றி நிறுத்த வேண்டாம்.

சுத்தியல் 200 கிராம் எடையில் போதும். பெரியவர்களுடையது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், குறி தப்பும். கையால் சுழற்றும் டிரில், மூலைமட்டம், 80, 120, 180 எண் உப்புத்தாள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவையும் வேண்டும். கண்ணாடியை நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் அவர்களும் கழற்ற மாட்டார்கள்.

ரம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண ரம்பம் தள்ளும்போது அறுக்கும். அழுத்தம் கூடினால் தகடு வளைந்து சிக்கும். ஜப்பானிய வகை இழுக்கும்போது அறுப்பதால் தகடு விறைப்பாகவே நிற்கும், சிறு கைகளுக்கு இது சுலபம். எந்த ரம்பமானாலும் ஆள்காட்டி விரல் தகட்டின் திசையில் நீண்டிருக்கட்டும். கோட்டை ஒட்டி ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினால் ரம்பம் அதை உரசிக்கொண்டு நேராகப் போகும், விரலால் வழிகாட்டத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று இழுப்பு மெதுவாக, பிறகு நீளமாக. பிள்ளை திணறி அழுத்தினால் ஒன்று ரம்பம் மழுங்கியிருக்கும், அல்லது மரம் கடினமாக இருக்கும்.

பைன் போன்ற மென்மரம் எடுங்கள். மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வேண்டாம், அதன் தூசு மிக நுண்ணியது, பிசினில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் இருக்கும். பழைய பெயின்ட் பூசிய மரத்தில் ஈயம் இருக்கக்கூடும். சரக்குப் பெட்டிப் பலகை கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். ‘MB’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அதற்கு மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டிருக்கிறார்கள், அதைத் தொட வேண்டாம். எந்த மரத்தூசும் நுரையீரலுக்கு நல்லதல்ல. முகக்கவசம் போட்டு வெளியில் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

மகன் ஆணியில் தொடங்கட்டும். தடித்த கட்டையில் பென்சிலால் ஒரு வடிவம் வரைந்து, கோட்டின் மேல் ஆணிகளைப் பாதி இறக்கி, இடையில் வண்ண நூல் பின்னிச் சுவரில் மாட்டலாம். ஆணியை விரலால் பிடிக்க வேண்டாம், துணிக் கிளிப்பால் பிடிக்கட்டும். ஓரத்துக்கு அருகே அடித்தால் மரம் பிளக்கும். அங்கே ஆணியைவிட மெல்லிய துளையை முதலில் போடுங்கள். இது கைவந்ததும், கட்டையில் டிரில்லால் துளைகள் போட்டுப் பேனா தாங்கி செய்யலாம். துளை ஆழம் ஒரே அளவில் வர, டிரில்லின் துளையிடும் கம்பியான பிட்டில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

மகள் கைபேசித் தாங்கி செய்யட்டும். உள்ளங்கை நீளக் கட்டையில் சற்றுச் சாய்வாக இரண்டு அறுப்பு, நடுவில் உள்ள மரத்தை உளியால் எடுத்தால் பள்ளம் தயார். உளி வேலையை முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். அவள் செய்யும்போது இரண்டு கைகளும் உளி முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்து சிறு பெட்டி. மரத்தின் நாருக்குக் குறுக்கே அறுத்த வெட்டுமுகத்தில் வெறும் பசை உறுதியாகப் பிடிக்காது, ஆணியும் சேர வேண்டும்.

கோணலாக வந்தால் இரவில் நீங்கள் உட்கார்ந்து திருத்திவிடாதீர்கள். காலையில் எழுந்து பார்க்கும் பிள்ளைக்கு அது தான் செய்த பொருளாக இருக்காது.

பூச்சுக்குத் தேன்மெழுகு போதும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் காயவிடுங்கள்.

மின்கருவிகளில் இப்போதைக்கு மகளுக்கு மட்டும், பேட்டரி டிரில் ஒன்றைக் குறைந்த வேகத்தில் கொடுக்கலாம். தலைமுடி கட்டியிருக்க வேண்டும், கையுறை கூடாது. கையுறை சுழலும் பிட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். மின்ரம்பத்தை இருவர் கைக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.