கைலாசத்தைக் காவடியில் தூக்கி வந்த கதை

கேள்வி: இமயமலையை இந்துக்களும் பௌத்தர்களும் ஏன் இவ்வளவு புனிதமாக நினைக்கிறார்கள்? உலகத்திலேயே உயரமான மலை என்பதாலா?

உயரம் காரணமாக இருக்காது. உயரத்துக்குத்தான் மரியாதை என்றால் முதல் கும்பிடு 8,849 மீட்டர் எவரெஸ்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டு மதத்தாரும் தலையில் வைத்துக் கொண்டாடுவது 6,638 மீட்டர் மட்டுமே உள்ள கைலாயத்தை. கறாராகப் பார்த்தால் அது இமயத் தொடரிலேயே இல்லை. அதற்கு வடக்கே, திபெத்தில், வேறொரு தொடரில் நிற்கிறது. கும்பிடுகிறவர்கள் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை, நானும்தான்.

நான் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம். காப்பியும் மிளகும்தான் பிழைப்பு. இமயமலையை நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் எங்கள் ஊர்க் கணக்குப்படி அந்த மலையின் இரண்டு துண்டு எங்களிடம் இருக்கிறது.

ஏழு வயதில் தைப்பூசத்துக்கு முதல் காவடி எடுத்தேன். தோளில் படும் இடத்தில் மஞ்சள் துணி சுற்றிய சின்னக் காவடி. இரண்டு நுனியிலும் ஒரு பித்தளைச் செம்பு. பால் தளும்பாமல் இருக்க வாழையிலையால் வாயை மூடி நூல் சுற்றியிருந்தார்கள். அப்பத்தா ஒரு செம்பைத் தொட்டு, "இது சிவகிரி" என்றார். மற்றதைத் தொட்டு, "இது சக்திகிரி. ஆடாம நட சாமி. ஒரு பக்கம் எறங்குச்சுன்னா மலை சாஞ்சிரும்" என்றார். படி ஏறி முடிக்கும் வரை பயந்துகொண்டே நடந்தேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அகத்தியர் கைலாயத்திலிருந்து இரண்டு குன்றுகளைப் பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்லி இடும்பனிடம் ஒப்படைக்கிறார். பிரம்மதண்டத்தைக் கம்பாகவும் பாம்புகளைக் கயிறாகவும் வைத்துத் தூக்கி வந்தவன், இளைப்பாறப் பழனியில் இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்க முடியவில்லை. மேலே பார்த்தால் ஒரு குன்றின் மீது கோவணத்தோடு ஒரு பையன், "இது என் மலை" என்கிறான். சண்டை, சாவு, இடும்பியின் அழுகை, உயிர்ப்பு, வரம். பையன் நின்ற குன்றில் தண்டாயுதபாணி இருக்கிறார். இன்னொன்று பக்கத்திலேயே இடும்பன் மலையாக நிற்கிறது. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே போனால் சிறுமலையை அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். சேரன் செங்குட்டுவன் கண்ணகி சிலைக்குக் கல் எடுத்ததும் இமயத்தில்தான். தெற்கே இருக்கிறவனுக்கு இமயம் என்றாலே எதையாவது தூக்கி வரத் தோன்றுகிறது.

சரி, மூலமலைக்கு வருவோம். புராணத்தில் இமயம் வெறும் கல் இல்லை, ஒரு ஆள். இமவான் என்று பெயர், மனைவி மேனை, மகள் பார்வதி. ஆக, சிவனுக்கு மாமனார் வீடு, எங்கள் முருகனுக்குத் தாத்தா ஊர். சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் அங்கே கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது என்றும், சமன் செய்யவே அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்றும் சொல்வது இதன் தொடர்ச்சிதான். கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன், அசையாதவற்றில் நான் இமயம் என்கிறார்.

அப்புறம் தண்ணீர். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா, கங்கையில் போய்ச் சேரும் கர்னாலி, நான்கும் கைலாயம் மானசரோவர் வட்டாரத்தில்தான் பிறக்கின்றன. கங்கை கோமுகத்தில் பனிப்பாறைக்கு அடியிலிருந்து வருகிறது. மலையில் இருக்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மேலே சோலை நன்றாக இருந்தால்தான் கீழே அய்யம்பாளையத்தில் மருதாநதி அணைக்குத் தண்ணீர். தண்ணீர் வரும் திசையைப் பார்த்துக் கும்பிடுவதற்கு மதம்கூடத் தேவையில்லை.

பௌத்தர்கள் பக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஸ்வெட்டர் கடை. கொடைக்கானலில் சீசனுக்குக் கடை போடும் திபெத்திய அக்கா ஒருவர். பிறந்தது கர்நாடகத்தின் பைலகுப்பேயில், 1961இல் திபெத்திய அகதிகளுக்காக அமைத்த குடியிருப்பு அது. கன்னட வாடையோடு நல்ல தமிழ் பேசுவார். கல்லாவுக்கு மேலே தலாய் லாமா படம், அதன் பக்கத்தில் தொப்பி போட்டது போல் பனி மூடிய ஒரு மலை. "கைலாசமா அக்கா?" என்றேன். "காங் ரின்போச்சே" என்றார். பனியின் மாணிக்கம் என்று பொருளாம். நாம் சிவனையும் பார்வதியையும் வைக்கும் உச்சியில் அவர்கள் டெம்சோக் என்ற தெய்வத்தை, தேவியோடு வைக்கிறார்கள்.

அந்தப் படத்தில் மலையின் தெற்கு முகத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதைக் காட்டி ஒரு கதை சொன்னார். பௌத்தத்துக்கு முன்பிருந்தே திபெத்தில் இருக்கும் பொன் சமயத்தின் குரு நரோ பொன்சுங்குக்கும் பௌத்த ஞானி மிலரேபாவுக்கும் மலை யாருக்கு என்று போட்டி. விடியற்காலையில் முதலில் உச்சிக்குப் போகிறவருக்கு மலை. நரோ தன் மத்தளத்தின் மேல் ஏறிப் பறக்கிறார். மிலரேபா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். முதல் வெயில் கீற்று விழுந்ததும் அதைப் பிடித்து ஒரே நொடியில் உச்சியில் இருக்கிறார். அதிர்ந்துபோன நரோவின் மத்தளம் நழுவி உருண்டதில் விழுந்த வெட்டுதான் அந்தக் கோடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பறந்தவன் தோற்று உட்கார்ந்தவன் ஜெயித்த இன்னொரு போட்டியும் அதே கைலாயத்தில் நடந்ததாயிற்றே! மயிலில் உலகத்தைச் சுற்றப் போனவனுக்குப் பழம் இல்லை, அப்பா அம்மாவைச் சுற்றி வந்தவனுக்குப் பழம். "கோவிச்சுக்கிட்டு வந்த பையனோட ஊருதான் கீழ இருக்கற பழனி" என்றேன். இடும்பன் கதையையும் சொன்னேன். "பையனும் வந்துட்டான், மலையும் வந்துடுச்சா? எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துட்டீங்க தம்பி" என்றார், விலையைக் குறைக்காமல்.

பிள்ளையார் செய்ததைத்தான் எல்லோரும் அங்கே போய்ச் செய்கிறார்கள் என்பதை அப்புறம்தான் யோசித்தேன். கைலாயத்தில் யாரும் ஏறுவதில்லை, சுற்றுகிறார்கள். சுமார் 52 கிலோமீட்டர், நடுவில் 5,600 மீட்டருக்கு மேல் டோல்மா கணவாய். இந்துக்களும் பௌத்தர்களும் நம்மைப் போல வலம், பொன் சமயத்தார் இடம். நம்மவர்கள் மூன்று நாள் எடுப்பதைத் திபெத்தியர் பலர் ஒரே நாளில் முடிக்கிறார்கள். சிலர் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு உடம்பாலேயே அளந்து போகிறார்கள். திபெத்தியக் காலண்டரில் குதிரை ஆண்டு என்று ஒன்று வரும், அதில் ஒரு சுற்று வந்தால் பதின்மூன்று சுற்றுக்குச் சமமாம். அதுவும் நம் குறிஞ்சியைப் போலப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை: 2014, அதற்கடுத்து 2026.

ஏறாமல் இருப்பது சோம்பலால் இல்லை. காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. 1955இல் கஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறிய பிரிட்டிஷ்காரர்கள்கூடச் சிக்கிம் மக்களுக்காக உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். கைலாயத்துக்குள் பிரமிடு இருக்கிறது, அங்கே போனால் நகம் வேகமாக வளரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் தயவுசெய்து பதிலாக எழுதாதீர்கள். இவ்வளவு நல்ல கதைகள் இருக்கும்போது அது எதற்கு?

பாலி மொழி நூல்களில் இமயத்துக்கு இமவந்தம் என்று பெயர். மாயாதேவியின் கனவில் அவரை அங்கே தூக்கிப் போய் அனோதத்த ஏரியில் நீராட்டுகிறார்கள், பிறகு ஒரு வெள்ளை யானை வயிற்றுக்குள் புகுகிறது. புத்தர் கருவானது இப்படி. அந்த ஏரி மானசரோவர்தான் என்பார்கள். நம் சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து கைலாயம் போனதும் வெள்ளை யானை மேல்தான். யார் கதையிலிருந்து யாருக்குப் போனது என்று நோண்ட எனக்கு ஆசையில்லை.

எங்கள் வீட்டில் நிஜமாக அந்தப் பக்கம் போனது அம்மா ஒருத்திதான். ஒரு யாத்திரைக் கோஷ்டியோடு நேபாளத்து முக்திநாத். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்ற தலம் அது என்பது வைணவர் வழக்கு. 3,700 மீட்டருக்கு மேலே, 108 கோமுகத்திலிருந்தும் கொட்டும் ஐஸ் தண்ணீரில் முட்டிவலியோடு அம்மா நனைந்து வந்தாள். அவளுக்கு ஆச்சரியம் அதில் இல்லை. "பெருமாள் கோயில மொட்டை போட்ட புத்த சாமியாரம்மாக்கள் பாத்துக்கறாங்கடா" என்றாள். பௌத்தர்களுக்கு அந்த மூர்த்தி அவலோகிதேஸ்வரர். பக்கத்துக் கோயிலில் தண்ணீர் ஓடும் இடத்திலேயே இயற்கை எரிவாயுவில் ஒரு சுடர் எரிகிறது, அதையும் அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கருவறையில் வரிசையில் நிற்கிறார்கள், தகராறு இல்லை.

அம்மா கொண்டுவந்த சாளக்கிராமம் உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல். உள்ளே சக்கரம். அந்தச் சக்கரம் ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரின் ஓடு. இந்தியா இருக்கும் நிலத்தட்டு ஆசியாவில் முட்டியதில் நடுவிலிருந்த கடலடி மேலே வந்து இமயமானது. முட்டத் தொடங்கி சுமார் ஐந்து கோடி வருடம்தான் ஆகிறது. எங்கள் தோட்டத்துப் பாறை ஐம்பது கோடிக்கும் மேலே. வயதில் பழனி மலைதான் பெரியவர், ஆனாலும் கைலாயத்தின் குட்டி என்று பெயர்.

போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அப்பர் காசிக்கு அப்பால் நடந்து, தவழ்ந்து, உடம்பெல்லாம் தேய்ந்த பிறகு அங்கேயிருந்த குளத்தில் மூழ்கச் சொல்லி உத்தரவு. எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கைலாயக் காட்சி அங்கேயே கிடைத்தது. இப்போதும் ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் கூடுகிறது.

போன சீசன் முடிந்து கடையைக் கட்டும்போது ஸ்வெட்டர் அக்கா பழனியைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். படியேறவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கிரிவீதியை ஒரு சுற்று வந்தார். சுற்றி முடித்து, ஒரு சர்பத் குடித்துவிட்டு, "சின்னதா இருக்கு. கால் வலிக்கல" என்றார். பிறகு இடும்பன் மலையைக் காட்டி, "அதையும் சுத்தணுமா?" என்று கேட்டார்.