கத்தரிக்காய்க்கு வட்டி கட்டலாமா?

கேள்வி: மதுரை அண்ணா நகரில் வசிக்கிறோம். சம்பளம் 62,000 ரூபாய். ஊதாரித்தனமாக எதுவும் வாங்குவதில்லை. கிரெடிட் கார்டில் போவதெல்லாம் காய்கறி, பழம், பால்தான். பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்பில் மாதம் சுமார் 11,000. மினிமம் டியூ (பில்லில் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை) தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் தீபாவளிக்கு 60,000 ஆக இருந்த பாக்கி இப்போது 1,40,000. நண்பர் சொல்லி, மக்கள் வாங்கும் பொருட்களை விற்கும் நிறுவனங்களில் முதலீடு செய்யும் நுகர்வுத் துறை மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்ஐபி (மாதாந்திர முதலீடு) போடுகிறேன். விவசாயிகளிடம் நேரடியாக வாங்கித் தரும் ஆர்கானிக் காய்கறிப் பெட்டிக்கு ஓராண்டுச் சந்தா 24,000. நோ காஸ்ட் இஎம்ஐயில் (வட்டியில்லை என்று சொல்லித் தரும் மாதத் தவணை) எடுக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் சார். பெட்டியைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த மினிமம் டியூ.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மெண்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கிறது. 1,40,000க்கு 4,900. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 5,800. நீங்கள் கட்டுவது 7,000. ஆக, அசலில் கழிவது 1,200. அதே மாதம் ஆப்பில் ஏறுவது 11,000. பாக்கி ஏன் வளர்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. பாக்கி வைத்தவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. புதிதாக வாங்கும் எதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். திங்கட்கிழமை சாம்பாருக்கு வாங்கிய கத்தரிக்காய்க்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊதாரித்தனம் இல்லை என்கிறீர்கள். சரி. ஆனால் ஒரே மாதத்தில் 38 ஆர்டர். டெலிவரி, ஹேண்ட்லிங் என்று ஒவ்வொன்றிலும் 25 ரூபாய் வைத்தாலே 950. ‘இன்னும் 49 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்’ என்றதும் சிப்ஸும் சாக்லேட்டும் கூடையில் ஏறியிருக்கின்றன. கறிவேப்பிலைக்குக்கூடத் தனியாக விலை. நம்மூரில் அது கொசுறு!

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று உங்கள் அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அடையாள அட்டை வாங்கிய விவசாயிகளே கடை போடுகிறார்கள், கடைக்கு வாடகை இல்லை. அன்றன்றைய விலை பலகையில் இருக்கும்; வெளிச்சந்தையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்கும்படி வைப்பது வழக்கம். பெட்டிக்காரர் 24,000 கேட்டுத் தருவதாகச் சொல்லும் ‘நேரடி விவசாயி’ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நோ காஸ்ட் இஎம்ஐ என்ற பெயருக்கும் மயங்க வேண்டாம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது.

காய்கறியில் மிச்சமாவது மாதம் சில நூறுதான், அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தையில் பணமாகக் கொடுத்து வாங்கும்போது, கையில் இருக்கும் நோட்டு தீர்ந்தால் பை நிறைவதும் நின்றுவிடும். எனக்கு அதுதான் முக்கியம்.

இனி செய்ய வேண்டியது. சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் தனிநபர் கடன் கேளுங்கள். 14 சதவீதத்தில் மூன்றாண்டுக்கு 1,40,000 எடுத்தால் தவணை சுமார் 4,800. இப்போது கட்டும் 7,000இல் 2,200 மிஞ்சும். எஸ்ஐபியையும் நிறுத்துங்கள், ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி கட்டுபவருக்கு அதைத் தாண்டி எந்த ஃபண்டும் தரப்போவதில்லை. (நுகர்வுத் துறை வளர நீங்கள் ஏற்கெனவே போதுமான அளவு உதவிவிட்டீர்கள்.) இரண்டும் சேர்த்து 7,200. டெலிவரிக் கட்டணமும் சிப்ஸும் போனால் உங்கள் வீட்டுக் காய்கறி, பழம், பாலுக்கு இது போதும். தெருமுனைப் பால் பூத்துக்கும் பணமாகவே கொடுங்கள்.

ஆனால் கடன் பணம் வந்த அன்றே கார்டு பாக்கியை முழுதாக அடைத்து, ஆப்பில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் நீக்க வேண்டும். அதற்குத் தயாரில்லை என்றால் கடன் எடுக்காதீர்கள். ஆறே மாதத்தில் தவணை ஒரு பக்கம், கார்டு பாக்கி ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து நிற்கும். அப்படி எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம்.

சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், சில்லறையும் எடுத்துப் போங்கள். மதியத்துக்குமேல் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.