கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஐரோப்பா: 5 லட்சம் கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நானும் மனைவியும் கோவையில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். வீட்டுக் கடன் தவணை 28,000 ரூபாயும் மற்ற செலவுகளும் போக மாதம் 45,000 மிஞ்சுகிறது. எஃப்.டி-யில் 3.20 லட்சம் இருக்கிறது. அவசரத் தேவைக்கென்று தனியாக 2.50 லட்சம் வைத்திருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. குழந்தைகளுக்கு ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தைகளைக் காட்ட வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. 2026 டிசம்பர் 22 முதல் 31 வரை ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள்: பெரியவருக்கு 2.30 லட்சம், குழந்தைக்கு 1.80 லட்சம், மொத்தம் 8.20 லட்சம். ஜெர்மனியில் 23-ம் தேதி மியூனிக், 25 நியூரம்பெர்க், 26 ரோத்தன்பர்க், 27 முதல் செக் நாட்டின் பிராக். குறையும் 5 லட்சத்துக்கு 14% வட்டியில் 36 மாதத் தனிநபர் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கடன் வாங்காமலே, அதுவும் இதே ஆண்டில், நீங்கள் போய்வர முடியும். வட்டிக் கணக்கைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், நீங்கள் அனுப்பிய தேதிகளில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது.

ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தை என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கானது. திருவருகைக் காலம் எனப்படும் அந்த நான்கு வாரம் தொடங்கும்போது கடை போட்டு, பெரும்பாலான ஊர்களில் பண்டிகைக்கு முந்தைய நாளே எடுத்துவிடுவார்கள். நியூரம்பெர்க் சந்தை டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கு முடிகிறது. மியூனிக்கின் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலும் அதே நேரம்தான். ரோத்தன்பர்க் இன்னும் ஒரு நாள் முன்னால், 23-ம் தேதியே மூடிவிடும். உங்கள் பேக்கேஜ் 25-ம் தேதி நியூரம்பெர்க் போகிறது. சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைக் கடைகளும், மூன்று குட்டி சாசேஜ்களை ரொட்டிக்குள் வைத்துத் தரும் அடுப்புகளும் உங்களுக்காகக் காத்திருக்காது. 25, 26 இரண்டும் அங்கே பொது விடுமுறை என்பதால் மற்ற கடைகளும் அடைத்திருக்கும். நான்கு ஊர்களில் மியூனிக்கிலும் பிராக்கிலும் மட்டும் சந்தை பார்ப்பீர்கள். அதற்குத்தான் 8.20 லட்சம்.

நம் ஊர்க் குடும்பங்கள் பலவும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பள்ளி அரையாண்டு விடுமுறை தொடங்கும் அதே நாட்களில் அங்கே சந்தை முடிகிறது, விமானக் கட்டணமோ உச்சத்தில் நிற்கிறது. எந்த பேக்கேஜ், எந்த ஆஃபர் என்று தேடுவதைவிட எந்த வாரம் போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

என் பரிந்துரை: நவம்பர் 25 இரவு கிளம்புங்கள். 26 முதல் ஐந்து இரவு ஆஸ்திரியாவின் வியன்னா, டிசம்பர் 1 முதல் மூன்று இரவு பிராக், 4-ம் தேதி திரும்பல். விமான டிக்கெட்டை வியன்னாவில் இறங்கி பிராக்கிலிருந்து ஏறுவது போலப் போடுங்கள். ஒரே ஊருக்குப் போய்வரும் டிக்கெட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வியன்னாவுக்குத் திரும்பும் ரயில் செலவும் அரை நாளும் மிச்சம். வியன்னா மாநகராட்சிக் கட்டடத்தின் முன்னால் உள்ள பெரிய சந்தை நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் வழக்கமாகத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறை ஒட்டிய சனிக்கிழமை தொடங்கும். 2026-ல் அந்த ஞாயிறு நவம்பர் 29. நீங்கள் போய்ச் சேரும்போது இரண்டும் களைகட்டியிருக்கும்.

டிசம்பர் 5 முதல் 8 வரை வியன்னாவில் தங்குவதைத் தவிருங்கள். 8-ம் தேதி அமலோற்பவ மாதா திருநாள். ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் பொது விடுமுறை. இந்த ஆண்டு அது செவ்வாய்க்கிழமை என்பதால் திங்களையும் சேர்த்து நீண்ட விடுமுறையாக்கிக்கொண்டு இத்தாலியர்கள் குவிவார்கள், அறை வாடகை ஏறும்.

இனி செலவு. யூரோ ஏறினாலும் தாங்கட்டும் என்று ஒரு யூரோவை 110 ரூபாயாக வைத்துக்கொள்கிறேன். விமானம் தலைக்கு 65,000 வீதம் 2.60 லட்சம். நால்வர் தங்கும், சமையலறை உள்ள அபார்ட்மென்ட் இரவுக்கு 140 யூரோ வீதம் எட்டு இரவுக்கு 1.23 லட்சம். சாப்பாடு நாளுக்கு 100 யூரோ, ஒன்பது நாளுக்கு 99,000. ரயிலும் நகரப் போக்குவரத்தும் 38,500. விசாவுக்கு 33,000, காப்பீட்டுக்கு 7,000, குளிர் உடைகளுக்கு 30,000. சந்தைச் செலவு, ராட்டினம், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 33,000. கூட்டினால் சுமார் 6.24 லட்சம். எதிர்பாராததற்கு 40,000 சேர்த்தால் 6.64 லட்சம்.

உங்களிடம் எஃப்.டி 3.20 லட்சம் இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் 45,000 ஆர்.டி போட்டால் ஏழு தவணையில் 3.15 லட்சம். 6.5% வட்டி என்றால் சுமார் 6,800 ரூபாய் கிடைக்கும். மொத்தம் 6.42 லட்சம். இருபதாயிரம் சொச்சம் துண்டு விழுகிறது. நவம்பர் 8 தீபாவளி, போனஸ் வந்தால் அதில் அடைத்துவிடலாம். வராவிட்டால் பிராக்கில் ஓர் இரவைக் குறையுங்கள். 2.50 லட்சம் அவசர நிதியைத் தொடவே கூடாது. வீட்டுக் கடன் ஓடும் குடும்பத்துக்கு அதுவே குறைவு. ஊர் திரும்பியதும் அதே 45,000-ஐ ஆறு மாதம் அதில் போட்டு வளர்க்க வேண்டும்.

கடனோடு ஒப்பிடுங்கள். 5 லட்சம், 14%, 36 மாதம் என்றால் தவணை ஏறக்குறைய 17,090 ரூபாய், மொத்த வட்டி 1.15 லட்சம். செயலாக்கக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி-யும் தனி. மகள் 12 வயதைத் தாண்டும் வரை இந்தப் பயணத்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. விசா அதிகாரி வங்கிக் கணக்கின் கடந்த சில மாத வரவுகளைப் பார்ப்பார். சம்பளமும் சேமிப்பும் சீராக ஓடும் கணக்கில் திடீரென 5 லட்சம் வந்து விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ' என்று யாராவது சொன்னால், மொத்தமாகப் பணம் கட்டினால் என்ன விலை என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியில்தான் வட்டி ஒளிந்திருக்கும்.

அடுத்து விசா. இதில் வரிசை மாறினால் பணம் போகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு மே இறுதி. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். கூட்டம் சேரும் முன் ஜூனில் முடித்துவிடுங்கள். எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதாவது ஆஸ்திரியா. அங்கே விசா சீக்கிரம் கிடைக்கும், இங்கே கிடைக்கும் என்று வேறு நாட்டுக்கு மனுப் போட்டுவிட்டு வியன்னாவில் தங்குவது அடுத்த விசாவைக் கெடுக்கும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45 யூரோ, 6 வயதுக்குள் இலவசம். மகனுக்கு 6 நிறையும் முன் மனுப் போட்டால் அவனுக்குக் கட்டணமில்லை, மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் வரலாம். 12 வயதுக்குக் கீழ் கைரேகையும் கிடையாது. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. அதனால் விமானத்துக்கு டிக்கெட் வாங்காமல் எடுத்த முன்பதிவுச் சீட்டும், இலவசமாக ரத்து செய்யக்கூடிய தங்குமிடமும் காட்டி மனுப் போடுங்கள். விசா கைக்கு வந்த பிறகு, ஜூலையில், எஃப்.டி-யிலிருந்து எடுத்து டிக்கெட் வாங்குங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கும், ஷெங்கன் நாடுகள் முழுவதுக்கும், பயண நாட்கள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். நாலு பாஸ்போர்ட்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டி.சி.எஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினால் ஏஜென்ட் வரி பிடிப்பார். 2026 மார்ச் வரை 10 லட்சத்துக்குள் 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. ஏப்ரல் முதல் தொகை எதுவானாலும் 2%. உங்கள் 8.20 லட்சத்துக்கு 16,400 ரூபாய். இது செலவல்ல, யார் பானில் பிடித்தார்களோ அவருடைய வருமான வரிக் கணக்கில் வரவாக வரும். அலுவலகத்தில் முன்பே தெரிவித்தால் சம்பள டி.டி.எஸ்-ஸிலும் கழித்துக்கொள்ளலாம். விமானத்தையும் தங்குமிடத்தையும் தனித்தனியாக நீங்களே போட்டால் இந்தப் பிடித்தமே வராது.

அங்கே பணம் கசியும் இடங்கள் சின்னச் சின்னவை, ஆனால் தினமும் நடப்பவை. கார்டு மெஷினில் 'ரூபாயில் கட்டலாமா, யூரோவிலா' என்று கேட்கும். எப்போதும் உள்ளூர் கரன்சியையே அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். ஏ.டி.எம்-மிலும் அதே கேள்வி வரும், அங்கே மறுத்துவிட்டால் பணம் வரத்தான் செய்யும். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5% மார்க்அப் என்ற கூடுதல் கட்டணம், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. மார்க்அப் இல்லாத கார்டு ஒன்று கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். செக் நாட்டில் செலாவணி கொருனா. யூரோ மட்டும் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை அங்கே தேய்த்தால் இரண்டாவது மாற்றுக் கட்டணம் விழும். சில கடைகள் யூரோ நோட்டை வாங்கிக்கொள்ளும், விகிதம் அவர்கள் வைத்ததுதான். வியன்னாக் கடைகளுக்குச் சின்ன நோட்டுகளாக 200 யூரோ கையில் இருக்கட்டும்.

சந்தையில் சூடான பானம் பீங்கான் கோப்பையில் தருவார்கள். விலையோடு கோப்பைக்கு 4, 5 யூரோ முன்பணமும் சேர்த்து வாங்குவார்கள். நாலு கோப்பைக்கு 20 யூரோ. கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்ப வரும். ஒன்றை நினைவுக்கு வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுத்துவிடுங்கள், நினைவுப்பொருள் செலவு முடிந்தது. குழந்தைகளுக்கு 'கிண்டர்புன்ஷ்' என்று கேளுங்கள், அதில் மது இருக்காது. பிராக் சதுக்கத்தில் பெரிய இரும்புக் கம்பியில் பன்றித் தொடையைச் சுழற்றிச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். பலகையில் எழுதியிருப்பது 100 கிராமின் விலை. எவ்வளவு வேண்டும் என்று சொல்லாவிட்டால் 300, 400 கிராம் வெட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள், பில் மூன்று நான்கு மடங்காகிவிடும். முதலிலேயே எத்தனை கிராம் என்று விரல் காட்டிச் சொல்லுங்கள். சைவம் என்றால் சுட்ட செஸ்ட்நட், உருளைக்கிழங்கு அடை, பொரித்துப் பூண்டு தடவிய லாங்கோஷ் ரொட்டி எல்லாம் கிடைக்கும். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். நவம்பர் 28 சனிக்கிழமையே பாலும் அரிசியும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள்.

உடைக்கு 30,000 போதும். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், தெர்மல் உள்ளாடைகளை அங்கேயே எடுங்கள். காசைக் காலணியில் போடுங்கள். ஈரக் கல் தரையில் மூன்று மணி நேரம் நிற்பதற்கு நீர் புகாத ஷூ இல்லையென்றால், குழந்தைகள் அரை மணியில் அறைக்குத் திரும்பச் சொல்வார்கள். வியன்னாவிலும் பிராக்கிலும் அந்த வாரம் பனி விழும் என்று நம்பிப் போகாதீர்கள், விழாமலும் இருக்கும். ஆனால் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். 5 வயதுப் பையன் விளக்குகளைப் பார்க்கக் கண்விழிக்க வேண்டியதில்லை.

பட்ஜெட் இடம் கொடுத்தால் ஒன்றை மட்டும் நீட்டச் சொல்வேன். டிசம்பர் 5 மாலை, புனித நிக்கொலஸ் திருநாளுக்கு முந்தைய நாள், பிராக் தெருக்களில் ஆயர், தேவதை, பேய் வேடமிட்டவர்கள் மூவர் மூவராக வந்து குழந்தைகளைப் பாட்டுப் பாடச் சொல்லி இனிப்பு தருவார்கள். இரண்டு இரவு கூடுதலாகத் தங்கி 6-ம் தேதி திரும்ப இன்னும் ஐம்பதாயிரம் ஆகும். சங்கிலியைக் குலுக்கும் பேயைப் பார்த்து மகன் பயப்படுவானா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

குழந்தைகளுக்கு ஏழெட்டு நாள் பள்ளி போகும். அரையாண்டுத் தேர்வு தேதியை இப்போதே பள்ளியில் கேளுங்கள், விடுப்புக்குச் சம்மதக் கடிதமும் வாங்குங்கள், விசாவுக்கும் அது உதவும். பள்ளி ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த ஆண்டு விடுங்கள். அதே ஆர்.டி-யைத் தொடர்ந்து 2027 விடுமுறையில், கிறிஸ்துமஸுக்குப் பிறகும் சந்தை நடக்கும் ஊர்களாகப் பார்த்துப் போங்கள். பிராக்கும் வியன்னாவின் ஷோன்புரூன் அரண்மனைச் சந்தையும் ஜனவரி 6 வரை இருப்பது வழக்கம். புடாபெஸ்ட் பசிலிக்கா முன்னால் புத்தாண்டு வரை. விமானத்துக்குத் தலைக்கு 1.10 லட்சம் ஒதுக்க வேண்டியிருக்கும், அதாவது 1.80 லட்சம் கூடுதல். பிராக்கில் பெரிய கடைகள் 24-ம் தேதி நண்பகலில் மூடி 27-ல்தான் திறக்கும் என்பதால் மூன்று நாள் மளிகையை முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு: ஆர்.டி தொடங்குவது, பள்ளியில் பேசுவது. பேக்கேஜுக்கு முன்பணம் எதுவும் கட்டியிருந்தால் ரத்து விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 25-ம் தேதி நியூரம்பெர்க்கில் எந்தச் சந்தையைக் காட்டப் போகிறீர்கள் என்றும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.