தோற்றுவிட்டுத் தூங்கப் போக மனம் வரவில்லை

வாசகியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு வயது 34. புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. கணவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். வீட்டில் சண்டையும் இல்லை, கடனும் இல்லை. என் பிரச்சினை வேறு. சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் வீடியோ கேம் ஆடுகிறேன். நிறைய ஆடுகிறேன்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தபோது ஒரு தீபாவளிக்கு அப்பா, டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் பெட்டி வாங்கித் தந்தார். மஞ்சள் நிறக் கேசட். படம் வராவிட்டால் கழற்றி ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். ‘கான்ட்ரா’ தொடங்கும் முன் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். என் தம்பிக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே அது மனப்பாடம்.

தம்பி இப்போது பிரான்சில் குடும்பத்தோடு இருக்கிறான். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு நான் மடிக்கணினியைத் திறப்பேன். அவனுக்கு அப்போது மாலை. கடைசியாக ஆடி முடித்தது ‘இட் டேக்ஸ் டூ’. அதைத் தனியாக ஆடவே முடியாது, இருவர் வேண்டும். ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம் என்பதால் வாங்கியது அவன். அதில் ஓர் இடத்தில் அவனிடம் ஆணி இருக்கும், என்னிடம் சுத்தியல். அவன் சுவரில் ஆணியை எறிந்தால்தான் நான் அதில் சுத்தியலை மாட்டி, ஊஞ்சலாடித் தாண்ட முடியும். வேண்டுமென்றே தாமதிப்பான். நான் பள்ளத்தில் விழுவேன். “அக்கா, நீ குதித்ததுதான் தப்பு” என்பான். கண்ணில் நீர் வரச் சிரிப்போம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் வெறும் அக்கா.

தொல்லை மற்ற நாட்களில். செல்போனில், நான்கு பேர் அணி சேர்ந்து சுட்டு ஆடும் ஆட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ரேங்க் உண்டு. பாத்திரம் கழுவி, மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுப் பதினொரு மணிக்கு மேல்தான் தொடங்குவேன். ஒரு மேட்ச் ஆடிவிட்டுப் படுக்கலாம் என்றுதான் நினைப்பேன். தோற்றால் தூங்கப் போக மனம் வராது. ஜெயித்துவிட்டுப் படுப்போம் என்று அடுத்ததைத் தொடங்குவேன், அதுவும் போகும். மாதக்கணக்கில் பாடுபட்டு ஏற்றிய ரேங்க் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. எத்தனை வருடம் ஆடினாலும் பாதிக்குப் பாதி தோல்விதான். எனக்கு முன்னேற்றமே கிடையாதா?

மழை வந்தால் பிங், அதாவது நான் அழுத்துவது நெட் வழியே போய்த் திரும்ப ஆகும் நேரம், 200 மில்லிநொடியைத் தாண்டும். நான் சுட்டது போய்ச் சேர்வதற்குள் என்னைச் சுட்டிருப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மைக்கில் ஒரு வார்த்தை பேசிவிட்டால் பெண் குரல் என்று தெரிந்துவிடும். “அடுப்படிக்குப் போ” என்று தொடங்கி, இங்கே எழுத முடியாத வார்த்தைகள் வரை வரும். பேசாவிட்டால் அணி தோற்கும், பேசினால் வசவு. இது போதாதென்று, பொங்கல் சமயத்தில் துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஒரு ஸ்கின் கிடைக்கும் என்று, காசு கட்டிச் சுழற்றினால் ஏதோ ஒரு பரிசு விழும் சுழற்றுப் பெட்டியில் 3,000 ரூபாய் வரை விட்டேன். அந்த ஸ்கின் வரவே இல்லை. கணவருக்குத் தெரியாது.

போன வாரம் கடைசி வட்டத்தில் நானும் எதிரணியில் ஒருவனும் மட்டும் மிச்சம். கட்டைவிரல் வியர்த்துத் திரையில் வழுக்குகிறது. மகன் எழுந்து வந்து, “அம்மா, தண்ணீர்” என்றான். திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்தினேன். அவன் பேசாமல் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். பாட்டில் கை நழுவி விழுந்த சத்தம் கேட்டது. அதே நொடியில் ஆட்டத்திலும் செத்தேன். அவனுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் போன் என்று சட்டம் போட்டவள் நான்.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது கரன்ட்டும் போய் நெட்டும் போனது. அப்போது இந்த ரேங்க் ஆட்டம் நினைவுக்கே வரவில்லை. அன்று சனிக்கிழமை, தம்பியோடு ஆட முடியவில்லையே என்றுதான் இருந்தது. கரன்ட் வந்ததும் பழைய கதை தொடங்கிவிட்டது.

“பிள்ளை பெற்றவள் செய்கிற வேலையா இது” என்கிறார் மாமியார். கணவர் திட்ட மாட்டார். “இன்னுமா?” என்று மட்டும் கேட்பார். நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா? எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டுமா? இந்த வயதில் இது அசிங்கமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
புதுச்சேரி

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

மகன் போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான் என்று எழுதும் அம்மாக்கள் ஏராளம். தானே ஆடுகிறேன் என்று ஓர் அம்மா எழுதுவது அபூர்வம். ஆடும் அம்மாக்கள் இல்லாததால் அல்ல.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஐ.பி.எல். நடக்கும்போது தினமும் இரவு பதினொன்றரை வரை டி.வி. முன் உட்காரும் நாற்பது வயது ஆண், “இந்த வயதில் இது அசிங்கமா?” என்று எனக்கு எழுதுவதில்லை. அவருடைய அம்மாவும் அவரைக் கேட்பதில்லை. வயதை விடுங்கள்.

அடிமையா என்ற கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் ‘கேமிங் டிஸார்டர்’ என்ற ஆட்டக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதிப்பு அது. தினமும் இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அதில் எங்கும் இல்லை. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு கைநழுவுகிறதா, மற்ற வேலைகளையும் விருப்பங்களையும் தள்ளிவிட்டு ஆட்டம் முன்னால் வந்து நிற்கிறதா, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதுவும் வழக்கமாக 12 மாதமாவது நீடித்து, குடும்பத்தையோ வேலையையோ நன்றாகக் குலைத்திருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் போனை எடுக்கிறீர்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி ஊர் இருண்டு கிடந்தபோது ரேங்க் நினைவுக்கே வரவில்லை என்று எழுதியதும் நீங்கள்தான். கடிதத்தை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனாலும் அந்தச் சொல்லை அவசரப்பட்டு உங்கள் மீது ஒட்டிக்கொள்ளாதீர்கள். இதில் ஒன்று மட்டும் உங்களிடம் தெளிவாகத் தெரிகிறது: ஒரு மேட்ச் என்று தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை. பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

‘பாதிக்குப் பாதி தோல்விதான், எனக்கு முன்னேற்றமே கிடையாதா?’ என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ரேங்க் ஆட்டங்கள் பலவும் சதுரங்கத் தரவரிசையின் வழியைப் பின்பற்றுபவை. ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கு அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. ஜெயித்தால் புள்ளி ஏறும், ஏறினால் எதிரே வருபவரும் பலசாலியாக வருவார். சமபலம் உள்ளவர்களைக் கோர்த்துவிடுவதுதான் அதன் வேலை. சமபலம் என்றால் பாதி வெற்றி, பாதி தோல்வி. பத்துக்கு எட்டு ஜெயித்தீர்கள் என்றால் உங்களைத் தவறான படியில் நிறுத்தியிருக்கிறது என்று பொருள், சீக்கிரமே சரிசெய்துவிடும். ஆகவே நீங்கள் தேறவில்லை என்பதற்கு அந்தப் பாதித் தோல்வி சாட்சி ஆகாது.

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனாரே, அந்தப் போட்டியில் மொத்தம் 14 ஆட்டங்கள். அவர் ஜெயித்தது மூன்று, தோற்றது இரண்டு, மீதி டிரா. தோற்ற இரண்டில் ஒன்று முதல் ஆட்டம். ஜெயித்துவிட்டுத்தான் படுப்பேன் என்று அன்றிரவு அவர் அடம்பிடித்திருந்தாலும் நடக்காது. அடுத்த ஆட்டம் மறுநாள்தான். உங்கள் போனில் அடுத்த ஆட்டம் சில நொடிகளில் தயாராகிவிடுகிறது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த உடம்போடு, பாதிக்குப் பாதி தோற்கும்படி அமைந்த ஒன்றில், வெற்றியோடுதான் எழுவேன் என்று நள்ளிரவில் உட்கார்கிறீர்கள். தூக்கம் எங்கிருந்து வரும்?

அடுத்து அந்தக் கோபம். உளவியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். ஆட்டத்தில் உள்ள சண்டையையும் ரத்தத்தையும்விட, ‘என் கைக்கு இது வசப்படவில்லை’ என்ற நிலைதான் ஆடியவர்களைச் சிடுசிடுக்க வைத்தது என்று கண்டார்கள். பிங் 200-ஐத் தாண்டிய இரவில் உங்களுக்கு நடப்பது அதுதான். விரல் சரியாகத்தான் அழுத்துகிறது, திரை கேட்பதில்லை. மழை இரவில் ரேங்க் ஆட்டத்தைத் தொடவே தொடாதீர்கள்.

தம்பியோடு ஆடும்போதும் நீங்கள் பள்ளத்தில் விழுகிறீர்கள். அதுவும் தோல்விதான், அங்கே சிரிக்கிறீர்கள். அந்த விழுதலை யாரும் எண்ணி ரேங்கில் கழிப்பதில்லை, மறுபடி ஏறலாம், கூட இருப்பவன் உங்கள் ஆள். ஆட்டம் மனிதருக்கு ஏன் இன்பம் தருகிறது என்று 2006-இல் உளவியலாளர் ரிச்சர்ட் ரையனும் மற்றவர்களும் ஆராய்ந்தபோது சொன்ன மூன்றும் அங்கே இருக்கின்றன: என்னால் முடிகிறது, என் விருப்பப்படி ஆடுகிறேன், என்னோடு ஒருவர் இருக்கிறார். பதினொரு மணி ஆட்டத்தில் இவற்றில் எத்தனை மிஞ்சுகின்றன என்று நீங்களே பாருங்கள். எல்லாவற்றையும் அழிக்க வேண்டுமா என்றால், சனிக்கிழமையை யார் சொன்னாலும் விடாதீர்கள். கடல் தாண்டிப் போன தம்பியோடு வாரந்தோறும் சிரிப்பதற்கு வீட்டில் யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

ரேங்க் ஆட்டத்தை ஒரு மாதத்துக்குப் பகலுக்கு மாற்றுங்கள். ஞாயிறு மதியம், இரண்டே ஆட்டம். இரண்டும் ஜெயித்தாலும் இரண்டு, இரண்டும் தோற்றாலும் இரண்டு. தொடங்கும் முன்பே அந்த எண்ணிக்கையை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மகனிடம் சொன்னால் அவனைவிடக் கண்டிப்பான காவலாளி கிடைக்க மாட்டார். ரேங்க் இறங்குமே என்று கவலைப்படாதீர்கள். சீசன் மாறும்போது இத்தகைய ஆட்டங்களில் பொதுவாக அவர்களே இறக்கிவிடுகிறார்கள்.

மைக் விஷயத்தில் அறிவுரை வேண்டியது உங்களுக்கு அல்ல, அந்தப் பையன்களுக்கு. அவர்கள் எனக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. முதல் வசவிலேயே மியூட் செய்யுங்கள், புகார் பொத்தானை அழுத்துங்கள், பதில் மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். எதிரி இருக்கும் இடத்தைப் பேசாமலே குறிகாட்டும் பொத்தான் பல ஆட்டங்களில் இருக்கிறது. அதைவிட நல்லது, தெரிந்தவர்கள் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொண்டு அணியாகப் போவது. உங்கள் நிலையத்தில் வேலை பார்க்கும் இளம்பெண்களிடம் விசாரித்துப் பாருங்கள், ஒருத்தியாவது ரகசியமாக ஆடிக்கொண்டிருப்பாள்.

சுழற்றுப் பெட்டியை இனித் தொடாதீர்கள். பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் கை விடாமல் அழுத்தும், உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். பெல்ஜியத்தில் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018-லேயே முடிவுசெய்தார்கள். போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு, யு.பி.ஐ. விவரத்தை நீக்குங்கள். 3,000 ரூபாய் விஷயத்தைக் கணவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். “இன்னுமா?” என்பதோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர் இதற்கும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்க மாட்டார்.

மகனிடம் காரணம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். “கேமில் தோற்கிற கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன்” என்று அவன் காதால் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கேட்டது தன் தப்பு என்று நினைத்துக்கொள்வான். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து ஆடுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன இருவர் ஆட்டம் வேண்டாம். அது பிரியப் போகும் பெற்றோரின் கதை. எட்டு வயதுக் குழந்தைக்கு அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தம்பிக்கு அந்த வயதில் பிடித்த மாதிரி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பகலில், கூடத்தில், பேரன் கைதட்ட நீங்கள் ஆடுவதைப் பார்த்தால் மாமியாரின் பேச்சும் கொஞ்சம் மாறலாம். மாறாவிட்டாலும் ஒளிந்து ஆடும் நிலை போய்விடும்.

ஒரு மாதம் முயன்றும் பதினொரு மணிக்குக் கை தானாகப் போனுக்குப் போகிறது, தூக்கம் கெட்டுப் பகலில் வேலையில் தடுமாறுகிறீர்கள் என்றால் நேரில் ஒருவரைப் பார்ப்பது நல்லது. ரத்த மாதிரிகளைக் கையாளும் வேலை, அதில் தூக்கக் கலக்கம் கூடாது. கோரிமேட்டில் ஜிப்மரின் மனநல மருத்துவத் துறை உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ‘ஷட் கிளினிக்’ இயங்குகிறது. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றினால் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.