உடற்பயிற்சியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் பத்து நாளோடு நின்றுவிடுகிறது, எப்படித் தொடர்வது?

ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டினேன், டயட் சார்ட்டும் வாங்கினேன், பத்து நாளுக்கு மேல் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் கிளம்பி இரவு திரும்புகிற வேலை உங்களுக்கு என்றும், வீட்டில் வேறு யாரோ சமைக்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தச் சார்ட்டைப் பார்த்துச் சமைக்கிறவர் பக்கத்திலிருந்து யாருமே பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை உட்கார்ந்தே வேலை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் பதினொன்றும் ஆகும். சில வருடங்களுக்கு முன் சுகர் இருக்கிறதென்று தெரிந்தது, எச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனையில் 8.1 வந்தது. அது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் வாயைக் கட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. இப்போது 6.5-ஐ ஒட்டியே நிற்கிறது. மாத்திரையை நான் நிறுத்தவில்லை, யாரையும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்ததும் மாமியார், “ஒனக்குன்னு தனி உலையா வைக்கப்போற?” என்று கேட்டார். வைக்கவில்லை. ஒரு ஆளுக்கென்று தனியாகச் சமைப்பது எந்த வீட்டிலும் ஒரு வாரம் தாங்காது. நான் மாற்றியது பரிமாறுகிற வரிசையை. முன்பெல்லாம் தட்டில் முதலில் சோறு விழும், மேலே குழம்பு, ஓரத்தில் கொஞ்சூண்டு பொரியல். இப்போது எல்லாருக்குமே முதலில் பொரியலும் கூட்டும், ஆளுக்கு இரண்டு கரண்டி. அது பாதிக்கு மேல் காலியான பிறகுதான் சோற்றுச் சட்டியைத் திறப்பேன். காயும் பருப்பும் முன்னால் போய்விட்டால், பின்னால் போகும் சோறு ரத்தத்தில் சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றாது. காய்ச் செலவு கூடியது உண்மை. ஆனால் நான்கு உழக்கு அரிசி போட்ட இடத்தில் இப்போது மூன்றுதான். மாமியாருக்கும் சுகர் உண்டு. இன்றைக்கு என் மகள் சோற்றுக்கு அவசரப்பட்டால், “மொதல்ல காயத் தின்னு” என்று அதட்டுவது அவர்தான்.

கடையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு சீனி தூக்கலான டீயும் பஜ்ஜியும் வரும். டீயைச் சீனி இல்லாமல் வாங்கிக்கொண்டு, மேஜை டிராயரில் இருக்கும் டப்பாவைத் திறப்பேன். தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ, வீட்டில் தாளித்துக் கொண்டுவந்த சுண்டல். இரவு நடந்து திரும்பும்போது தெருவுக்குத் தெரு பரோட்டாக் கல். வயிற்றில் சுண்டல் இருக்கிற நாளில் என்னால் அதைத் தாண்டிப் போக முடிகிறது.

உடற்பயிற்சிக்கு என் கணக்கு ஒன்றுதான். தீபாவளி நேரத்திலும் எவ்வளவு செய்ய முடியுமோ, அதுதான் என் அளவு. இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடை. தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால் சாப்பிட்ட கையோடு நடப்பதில் பலன் உண்டு. பகலில் பில் கட்டுகளுக்கு நடுவே, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடையிலிருந்து வீட்டுக்கு நடப்பதையும் சேர்த்தால் சாதாரண வாரங்களில் அந்தக் கணக்கு வந்துவிடும். நெருக்கடியான வாரங்களில் வராது, ஆனால் சங்கிலி அறுவதில்லை.

21 நாள் செய்தால் பழகிவிடும் என்று வீடியோவில் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 2009-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், ஒரு பழக்கம் தானாக வர, ஆட்களை வரிசையாக வைத்தால் நடுவில் இருப்பவருக்கு 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை போனது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் இருக்கிறது. இது தெரியாமல் எத்தனை பேர் இருபத்திரண்டாம் நாள் தன்னையே குறை சொல்லிக்கொண்டு விட்டிருப்பார்கள்!

‘உங்களுக்கு நேரம் இருக்கிறது, செய்கிறீர்கள்’ என்பார்கள். பதினொரு மணி நேர வேலை, மூன்று வேளைச் சமையல், கூடவே ஒரு மகள். நேரம் எங்கே இருக்கிறதென்று அவர்களே சொல்லட்டும்.

மகள் என்றதும் இதையும் சொல்லவேண்டும். ஒன்பதாவது படிக்கிறாள். அட்டவணையில் வாரம் இரண்டு பி.டி. பீரியட். இரண்டையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்பது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளியில் உட்காரவைத்தே பழக்கிவிட்டு, நாற்பது வயதில் ஜிம்முக்குப் பணம் கட்டு என்றால் உடம்பு எப்படி வணங்கும்? பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். “அடுத்த வருஷம் பத்தாவது மேடம்” என்றார்கள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.