மூன்று மணிக்குச் சாப்பிடும் பிரியாணி: வெளியூர் அலைச்சலில் சர்க்கரை நோயாளியின் சாப்பாடு

கேள்வி: வயது 51. ராணிப்பேட்டையில் இருக்கிறேன். தோல் பதனிடும் கெமிக்கல் விற்பனைக்காக ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று வாரத்தில் ஐந்து நாள் பைக்கில் அலைச்சல். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்புவேன். மதியம் சாப்பிட மூன்று மணிக்கு மேல் ஆகிவிடும். பெரும்பாலும் பிரியாணி, இல்லாவிட்டால் மீல்ஸ். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 8.6. ஓட்டலில் சாப்பிடக் கூடாது என்கிறார் டாக்டர். என் பிழைப்புக்கு அது நடக்காது. ஓட்டலில் எதைச் சாப்பிடலாம்? சில நாள் சாப்பிடும் முன்பு கை நடுங்கி வேர்க்கிறது. வெயிலாலா?

பதில்: கடைசியாகக் கேட்டதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும் ஐயா. அது வெயிலாக இல்லாமல், சர்க்கரை இறங்குவதாக இருக்க அதிக வாய்ப்பு உண்டு. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. காலையில் போட்டால் நாள் முழுக்க வேலை செய்யும். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்துதான் இருக்கும். எட்டு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு இட்லி மூன்று மணி வரை எப்படித் தாங்கும்?

நம் ஊர் மே மாத வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்க்கிறது. அதனாலேயே பலர் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். வேர்வையோடு திடீர்ப் பசி, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், குடித்துவிடுங்கள். நிதானத்துக்கு வந்து, ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் மறுபடி பைக்கை எடுக்க வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் (மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்து) என்ற பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டுச் சர்க்கரையோ சாக்லேட்டோ சட்டென்று கை கொடுக்காது, குளுக்கோஸ்தான் வேண்டும். ஒரு பாக்கெட் எப்போதும் பையில் இருக்கட்டும்.

உங்கள் 8.6-க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். சர்க்கரை இறங்கிய பசியில் மூன்று மணிக்கு உட்காருகிறவர் அளவோடு சாப்பிட முடியாது, உடம்பே விடாது. முழு பிளேட் போகும், மேலே குஸ்காவும் கேட்கத் தோன்றும். சாயங்காலம் சர்க்கரை எகிறும். பரிசோதனையில் அந்த ஏற்றம்தான் தெரியும், நடுக்கம் தெரியாது. மாத்திரையின் அளவு கூடும், மறுநாள் நடுக்கமும் கூடும். எனவே பதினொரு மணிவாக்கில் ஒரு கை சுண்டலோ, அவித்த வேர்க்கடலையோ, ஒரு முட்டையோ, கொய்யாவோ சாப்பிடுங்கள். நடுக்கத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, தனியாகப் போட்டால் சர்க்கரையை இந்த அளவுக்கு இறக்காத மாத்திரை உங்களுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே போல, "இன்றைக்கு பிரியாணி" என்று ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய பேரிடம் இருக்கிறது. அது ஆபத்து.

இனி சாப்பாடு. ஆம்பூரில் தொழில் செய்பவரிடம் பிரியாணியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சீரகச் சம்பா சர்க்கரையை ஏற்றாது என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் அரிசிதான். ஒரு கப் சோற்றில் 45 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும், ஓட்டல் பிளேட்டில் இரண்டு கப்புக்குக் குறையாது. அரை பிளேட் வாங்குங்கள். கிடைக்காத கடையில் முதலிலேயே பாதியைப் பார்சல் கட்டச் சொல்லுங்கள். இலையில் விழுந்த பிறகு யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. முதலில் கறித்துண்டு, தயிர் பச்சடி, கத்திரிக்காய், அப்புறம் சோறு. காய்கறியும் புரதமும் முன்னே போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். தொட்டுக்கொள்ள சிக்கன் 65-ஐ விட ஒரு அவித்த முட்டை நல்லது. மாவும் எண்ணெயும் இல்லை.

மீல்ஸில் ஒரே கிண்ணம் சோறு என்று உட்காரும்போதே சப்ளையரிடம் சொல்லிவிடுங்கள். பொரியலும் கூட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கலாம், தயங்க வேண்டாம். அப்பளம், ஊறுகாய், பாயசம் மூன்றையும் விட்டுவிட்டு மோரோடு முடியுங்கள். கோதுமை பரோட்டா, சிறுதானிய தோசை என்று போர்டில் எழுதியிருந்தால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. ஜூஸ், பாதாம் பால் வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடா பொரித்துப் பாகில் ஊறுவது; யாராவது ஆசையாகக் கொடுத்தால் ஒரு துண்டோடு நிறுத்தி, அன்று சோற்றைக் குறையுங்கள்.

சாப்பிட்டதும் பைக்கில் ஏறாமல் பத்து நிமிடம் நிழலில், செருப்போடு நடங்கள். இரண்டு வாரத்துக்கு, பிரியாணி நாளிலும் மீல்ஸ் நாளிலும் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை பாருங்கள். பொதுவாக 180-க்குள் இருந்தால் நல்லது. பிரியாணியில் கொழுப்பு அதிகம், ஏற்றம் தாமதமாக வரலாம், அதனால் அன்று நான்கு மணி நேரம் கழித்தும் ஒரு முறை பாருங்கள். சாப்பிட்ட நேரம், அளவு, நடுங்கிய நாள் எல்லாவற்றையும் எழுதி, அடுத்த ஹெச்பிஏ1சி வரை காத்திருக்காமல் அந்தத் தாளோடு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.