கேக் மேல் வைக்கும் பெயர்ப்பலகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைத் தேய்த்து, வெட்டி, ஒரு நாள் முழுக்கக் காய வைத்தேன். கேக்கின் மேல் நிமிர்த்தி வைத்ததும் வளைந்து சாய்ந்துவிட்டது. சென்னை வெயிலில்கூடக் காயாதா?

வெயில் அல்ல, காற்றிலிருக்கும் ஈரம்தான் இங்கே கணக்கு. கேக்கைப் போர்த்தச் செய்யப்படும் ஃபாண்டன்ட் விறைக்கக் கூடாது என்பதற்காகவே அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். கடலோர ஊரில் அதை அப்படியே காய வைத்தால் மேலே தோல் கட்டும், உள்ளே மெத்தென்றே இருக்கும். 250 கிராம் ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. என்ற உண்ணத்தக்க பசைப் பவுடர் சேர்த்துப் பிசையுங்கள். டைலோஸ் பவுடர் கிடைத்தாலும் அதே அளவுதான். கிளிங் ஃபிலிமில் இறுக்கமாகச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் பசை பிடித்துக்கொள்ளும்.

பிறகு 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, ஸ்பாஞ்ச் ஷீட்டின் மேல் போடுங்கள். அடியிலும் காற்று போக வேண்டுமே. ஏழெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட்டால் ஓரம் சுருண்டு எழும்பாது. நல்ல நாளில் இரண்டு நாள் போதும். ஐப்பசி மழையில் நான்கு நாள்கூட ஆகலாம். ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள், அது காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடும். அவனில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம், குமிழி விடும். தேய்க்கும்போது சோள மாவைக் கொட்டாமல் லேசாகத் தூவுங்கள். அதிகமானால் ஓரமெல்லாம் வெடிக்கும்.

நான் செய்வதெல்லாம் விப்பிங் கிரீம் கேக். காய்ந்த பலகையை வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் அடிப்பக்கம் கரைகிறது.

கரையத்தான் செய்யும். கிரீமில் தண்ணீர் இருக்கிறது, பலகையோ முக்கால்வாசி சர்க்கரை. பலகையின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் உருக்கிய ஒயிட் சாக்லேட் காம்பவுண்டை பிரஷ்ஷால் மெல்லப் பூசி இறுக விடுங்கள். அந்தக் கொழுப்பு ஈரத்தை ஓரளவு தடுக்கும். அப்போதும் கேக்கோடு சேர்த்து இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பலகையைத் தனிப் பெட்டியில் கொடுத்து, வெட்டுவதற்குச் சற்று முன் வைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பயப்பட வேண்டாம், காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்தது போல ஆகிவிட்டதா? கையால் தொடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். ஃபேன் காற்றில் விட்டால் தானே காயும்.

ஆங்கிலத்தில் பெயர் எழுத வருகிறது. தமிழில் எழுதினால் ‘ண’வும் ‘ஞ’வும் கட்டியாகிவிடுகின்றன.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். சுழியும் வளைவும் உள்ள எழுத்துக்கு உள்ளே வெற்றிடம் வேண்டும். நீங்கள் ஆங்கில எழுத்தின் உயரத்திலேயே எழுதிப் பார்த்திருப்பீர்கள். ஒன்றரை மடங்காவது பெரிதாக்குங்கள். ஐசிங் பிழியும் நாசிலும் 1-ஆம் எண்ணாக இருக்கட்டும், 3 எல்லாம் தமிழுக்குத் தடிமன்.

பெயரைக் கணினியில் தட்டி, அளவு பார்த்து அச்செடுங்கள். காய்ந்த பலகையின் மேல் அந்தத் தாளை வைத்து, சுத்தமான ஊசியால் கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாகக் குத்துங்கள். தாளை எடுத்தால் வழி தெரியும். முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சுகர் சேர்த்து அடித்த ராயல் ஐசிங்கைக் கரண்டியில் எடுத்தால் நுனி லேசாக மடிய வேண்டும். அதைவிடக் கெட்டியானால் நூல் அறுந்துபோகும், தளர்ந்தால் சுழி மூடிக்கொள்ளும்.

நாசிலைப் பலகையில் தேய்த்து எழுதுவதுதான் பலர் செய்வது. கோலமாவு விரலிலிருந்து விழுவது போல ஐசிங்கும் மேலேயிருந்து விழ வேண்டும். தொடக்கத்தில் தொட்டு, பிறகு அரை சென்டிமீட்டர் தூக்கி, நூலை வளைவில் கிடத்தி, முடிவில் மறுபடி தொடுங்கள். ‘ணு’, ‘ஞா’ போன்றவற்றை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, இரண்டு மூன்று துண்டாக எழுதலாம். மெய்யெழுத்தின் புள்ளியைக் கடைசியில் வையுங்கள். கூர் எழுந்தால் ஈரப் பிரஷ்ஷால் அமுக்குங்கள். எழுதும் முன் எழுத்துப்பிழை பார்ப்பது, சரி, சொல்ல வேண்டுமா என்ன! ‘வாழ்த்துகள்’ என்று எழுதினால் எந்தச் சண்டையும் வராது.

ராயல் ஐசிங்கையே ஊற்றிச் செய்த பலகை, பட்டர் பேப்பரிலிருந்து எடுக்கும்போது நொறுங்குகிறது.

காற்றுக் குமிழி நிறைய இருந்திருக்கும். ஊற்றும் ஐசிங்கை வேகமாக அடிக்கக் கூடாது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கரண்டியால் கலக்குங்கள். மேலே கோடு போட்டால் பத்து எண்ணுவதற்குள் மறைய வேண்டும், அதுதான் பதம். மூடி ஒரு மணி நேரம் வைத்தால் குமிழிகள் மேலேறிவிடும். கிண்ணத்தில் துளி எண்ணெய்ப்பசை இருந்தாலும் வெள்ளைக்கரு பொங்காது. கிளிசரின் இதில் சேர்க்கவே வேண்டாம்.

எடுக்கும்போது பலகையைத் தூக்காதீர்கள். பேப்பரை மேசை ஓரத்துக்கு நகர்த்தி, பேப்பரைக் கீழ்நோக்கி இழுங்கள், பலகை தானாக விடுபடும். எப்படியும் ஒன்று இரண்டு உபரியாகச் செய்து வையுங்கள்.

முட்டையில்லாமல் கேட்கிறார்கள். என்ன செய்வது?

சி.எம்.சி. சேர்த்த ஃபாண்டன்டிலேயே பலகையை முடித்துக்கொள்ளுங்கள், ராயல் ஐசிங்கே வேண்டாம். எழுத்துக்கு, கொண்டைக்கடலை வேகவைத்த நீரை நன்றாகச் சுண்டவைத்து, ஆறியபின் ஐசிங் சுகர் சேர்த்து அடிக்கலாம். வெள்ளைக்கருவுக்குப் பதிலாகப் போடும் மெரிங் பவுடரும் முட்டையிலிருந்து வருவது, அதை மறந்துவிடாதீர்கள். ஃபாண்டன்ட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

வெள்ளைப் பலகையில் எழுதிய சிவப்பு, மறுநாள் பரவி ரோஸ் ஆகிவிட்டது.

அடி காயும் முன்பே எழுதியிருக்கிறீர்கள். அல்லது திரவக் கலரை ஊற்றிச் சிவப்பாக்கியிருக்கிறீர்கள். ஜெல் கலர் வாங்குங்கள். கலந்து சில மணி நேரம் வைத்தால் நிறம் தானே ஆழமாகும், மேலும் மேலும் விட வேண்டியதில்லை.

தங்கப் பொடி பூசலாமா?

டப்பியில் ‘உண்ணத்தக்கது’ என்றும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் அச்சாகியிருந்தால் பூசலாம். ‘நச்சற்றது’ என்று மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு, வயிற்றுக்கல்ல. கைவினைக் கடைப் பொடிகளை நான் கேக் பக்கமே விடமாட்டேன். தண்ணீரில் குழைத்தால் சர்க்கரை கரையும். ஓட்கா சட்டென ஆவியாகிவிடும் என்பதால் பலர் அதில் குழைக்கிறார்கள். அதை விரும்பாதவர்கள் உலர்ந்த பிரஷ்ஷால் பொடியாகவே தேய்க்கலாம்.

பலகை நிமிர்ந்து நிற்க டூத்பிக் குத்தலாமா?

குழந்தைகள் கேக் என்றால் கூடாது. வேகாத ஸ்பகெட்டிக் குச்சியைப் பலகை ஈரமாக இருக்கும்போதே பாதி செருகிக் காய வையுங்கள். கடித்தாலும் ஆபத்தில்லை. பெரிய பலகைக்கு அது தாங்காது. காகிதக் குச்சி செருகி, எத்தனை குச்சி இருக்கிறது என்று பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.